நூறு வயது மது: பெக்சேஜு பற்றிக் கேட்டவர்களுக்கு

கொரியாவின் சுவோன் நகரத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அங்கே மூலிகை சேர்த்துத் தயாரிக்கும் பெக்சேஜு என்ற அரிசி மதுவைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

நண்பர் ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கிறார். தசமூலாரிஷ்டம் மாதிரி இருக்குமா சார்?

அந்தப் பயம் வேண்டாம். வெளிர் மஞ்சள் நிறம். முதலில் லேசான இனிப்பு, அப்புறம் கொஞ்சம் புளிப்பு. விழுங்கிய பிறகுதான் ஜின்செங் என்ற மூலிகை வேரின் கசப்பு தொண்டையில் தட்டும். அதிமதுரம், இஞ்சி, ஓமிஜா என்ற சிவப்புப் பழம் எல்லாம் உண்டு. எதுவும் துருத்திக்கொண்டு தெரியாது. சுமார் 13 சதவீதம் ஆல்கஹால். நன்றாகக் குளிரவைத்து, சின்னக் கிண்ணத்தில், சாப்பாட்டோடு குடியுங்கள். முழுக்கோழிக்குள் அரிசியும் ஜின்செங்கும் அடைத்து வேகவைக்கும் சம்கியேதாங் சூப்புதான் இதற்கு என் முதல் தேர்வு.

பெயருக்கு என்ன அர்த்தம்?

‘நூறு வயது மது.’ நரைத்த கிழவர் ஒருவரை ஓர் இளைஞன் அடித்துக்கொண்டிருந்தானாம். தடுத்தவர்களிடம், “இவன் என் மகன். இந்த மதுவைக் குடிடா என்றேன், கேட்கவில்லை, பாருங்கள், எனக்கு முன்னால் கிழவனாகிவிட்டான்” என்றானாம். கொரியர்கள் இதோடு சோஜு என்ற கடுமையான மதுவைப் பாதிக்குப் பாதி கலந்து ‘ஐம்பது வயது மது’ என்பார்கள். அது மறுநாள் காலைத் தலைவலிக்கு உத்தரவாதம்.

இந்த பிராண்டே 1992இல் வந்ததுதானே? பிறகென்ன பாரம்பரியம்?

பாட்டில் புதிது, முறை பழையது. அரிசித் தட்டுப்பாட்டால் 1960களில் அரிசியில் மது தயாரிக்க அரசு தடை போட்டது. பல பழைய வகைகள் அப்போது அடிபட்டுப் போயின. வீட்டில் சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க அனுமதி வந்ததே 1995இல்தான்.

அரிசியில் சர்க்கரை இல்லையே, எப்படிப் புளிக்கிறது?

நல்ல கேள்வி. எல்லாம் நுருக்கின் வேலை. கோதுமையை உடைத்து, ஈரமாக்கி, வட்டமாக மிதித்து, பூஞ்சை பிடிக்கவிட்ட கட்டி அது. பூஞ்சை அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அதே பானையில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். வழக்கமாக அரிசியை ஆவியில் வேகவைப்பார்கள். பெக்சேஜுவில் வேகவைக்காத அரிசி மாவையே புளிக்கவைக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மூலிகைதானே, குடிக்கலாமா?

கொரிய மொழியில் இந்த வகைக்கு யாக்ஜு, அதாவது ‘மருந்து மது’, என்றே பெயர். பெயரை நம்பாதீர்கள், அது மதுதான். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. ஜின்செங் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கொரிய மேலதிகாரி ஊற்றினால்?

கிண்ணத்தை இரு கையாலும் வாங்குங்கள். முகத்தை லேசாகத் திருப்பிக் குடியுங்கள்.

இதைவிடப் பழையது எதையாவது தேட வேண்டுமென்றால்?

தாங்ஜின் நகரத்துப் பக்கம் மியோன்சோன் என்ற ஊரில் செய்யும் துகியோன்ஜு. அசேலியா பூ சேர்த்த அரிசி மது, 18 சதவீதம். மகரந்தத் தாள்களில் நச்சு இருக்கும் என்று ஒவ்வொரு பூவிலும் அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு, இதழை மட்டும் எடுப்பார்கள். நோயில் கிடந்த தந்தைக்காக மகள் நூறு நாள் வேண்டி, இந்த மதுவைச் செய்து கொடுத்து, இரண்டு கிங்கோ மரங்களும் நட்டாள் என்பது ஊர்க் கதை. மரங்கள் இரண்டும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.