கொழும்பில் உபயோகமான வட்ஸ்அப், டெலிகிராம் பொதுக் குழுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்து, வெள்ளவத்தைப் பக்கம் அறை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இதைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

டெலிகிராம் என்றால் சுலபம். தேடும் இடத்தில் ஊர்ப்பெயரை அடித்தால் பொதுக் குழுக்கள் வரும். சேராமலே பழைய பதிவுகளைப் படிக்கலாம், நம்பரையும் மறைக்கலாம். வட்ஸ்அப்பில் யாராவது லிங்க் தந்தால்தான் உண்டு. கூகுளில் தேடினால் லிங்குகளைக் குவித்து வைத்த பக்கங்கள் வரும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பாதி வேலை செய்யாது, மீதி 'வீடியோவுக்கு லைக் போட்டால் காசு' கும்பல். ஒரு வட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும்.

நான் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதி) குழுவுக்கு அட்மின். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, 'எந்த செட்டில் (பெற்றோல் நிலையத்தில்) பெற்றோல் இருக்கு' என்று பார்க்கத் தொடங்கிய குழு அது. காலி வீதி வரிசையில் முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்கு லிங்க் கொடுத்தே வளர்ந்தது. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வரிசைகள் குறைந்ததும் பேச ஒன்றுமில்லை. யாரோ ஒரு அறை விளம்பரம் போட்டார்கள், அப்படியே வீட்டுக் குழுவாகிவிட்டது.

இப்போது சேரக் கேட்பவரிடம் 'லிங்க் யார் தந்தது?' என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் இடமில்லை. சர்வாதிகாரி என்கிறார்கள். சொல்லட்டும். முன்பு ஒரு புரோக்கர் 'தனி வாசல், புது டைல்ஸ்' என்று படங்கள் போட்டு, பார்க்க வருமுன்னே அட்வான்ஸ் கேட்டார். உடனே ஒரு பிள்ளை எழுதியது: "அண்ணா, இது எங்கட மாமி வீட்டுக் குசினி. அவ வாடகைக்கே விடேல்லை." சிங்க் மேலே மாமியின் முருகன் கலண்டர்கூடத் தெரிந்தது. ஆளைத் தூக்கினேன், அதே லிங்கில் வேறு நம்பரோடு வந்தார். லிங்கையே மாற்றினேன். அட்மின் கண்டிப்பில்லாத குழுவில் இந்தப் படம் ஒரு மாதம் ஓடியிருக்கும். எல்லாப் புரோக்கர்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அதற்காக வீட்டுக்காரர்கள் உத்தமர்கள் என்றும் இல்லை. ஆறு மாத அட்வான்ஸ், தண்ணி மோட்டருக்குத் தனிக்காசு, ஒன்பது மணிக்குக் கேட் பூட்டு. மீன் பொரிக்கக்கூடாதாம்! கடற்கரையில் வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு மீன் மணம் பிடிக்காதென்றால் என்ன செய்வது? 'தம்பி எந்த ஊர், அப்பா என்ன செய்யிறார்' விசாரணை வேறு. பொம்பிளை கேட்டா வந்தோம்?

சரி, குழு கிடைத்தால் முதலில் பின் பண்ணிய செய்தியைப் படியுங்கள். பட்ஜெட், எத்தனை பேர், எப்போதிலிருந்து என்று ஒரே செய்தியில் போடுங்கள். வெறும் 'ஹாய், ரூம் இருக்கா' என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். லிங்கை என்னிடம் கேட்கவேண்டாம், இங்கே போடமாட்டேன். வெள்ளவத்தையில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள், அவர்களிடம் இருக்கும்.