குறுக்கே வந்தது டிராம் வண்டியா, காரா?

கேள்வி: முதல் தடவையாகக் கொல்கத்தா போய்விட்டு வந்தேன். ஹௌராவில் இறங்கியதுமே மூச்சு முட்டிவிட்டது. எங்கே பார்த்தாலும் தலைகள், சுமை, ஹாரன் சத்தம். அந்த நெரிசலிலும் நடுரோட்டில் ஆமை மாதிரி டிராம் வேறு குறுக்கே வருகிறது. இந்த ஊர் எப்போது உருப்படும்? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: டிராம் குறுக்கே வருகிறது என்கிறீர்கள். முதலில் இதைப் பேசி முடித்துவிடுகிறேன். கல்கத்தாவில் குதிரை இழுத்த டிராம் முதன்முதலாக ஓடியது 1873-ல், சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் படித்துறை வரை. 1902-ல் மின்சார டிராம் வந்தது. அன்றைக்கு அந்த ஊரில் மோட்டார் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தத் தண்டவாளத்தின் மேல் பிற்பாடு வந்து ஏறி நின்றுகொண்டு ஹாரன் அடிப்பது கார். இரண்டு பெட்டி டிராமில் நூறு பேருக்கு மேல் போகலாம். அதே நீளத்தை அடைத்து நிற்கிற நான்கு கார்களில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். குறுக்கே நிற்பது யார், நீங்களே சொல்லுங்கள்.

டிராம் என்று எழுதி அனுப்பினால் நான் லேசில் விடமாட்டேன் என்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். காரணம் நம் ஊர்தான். இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடியது சென்னையில், 1895-ல். கல்கத்தாவை விட ஏழு வருஷம் முன்னால். மவுண்ட் ரோடு, பாரிமுனை எல்லாம் டிராம் மணி கேட்ட தெருக்கள். டிராம் கம்பெனி நஷ்டத்தில் விழுந்தது, 1953 ஏப்ரலில் ஓட்டம் நின்றது. தண்டவாளமும் போயிற்று.

அதே 1953, ஜூலை மாதம். கல்கத்தா டிராம் அப்போது ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றினார்கள். ஒரே ஒரு பைசா! ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. பழைய கட்டணம்தான் தருவோம் என்று ஏறி உட்கார்ந்தார்கள். இடதுசாரிகள் முன்னால் நின்றார்கள், பிற்பாடு முதலமைச்சரான ஜோதிபாசு கைதானார். தடியடி, கண்ணீர்ப்புகை, டிராம்களுக்குத் தீ. தீ வைத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இரண்டாம் வகுப்பில் போகிறவனின் ஒரு பைசாவுக்காக ஒரு நகரமே சேர்ந்து நின்றதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. சென்னைக்கு டிராம் இல்லாமல் போன அதே வருஷம் இது.

அப்புறம் நாம் என்ன செய்தோம்? இப்போது சென்னையைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, மெட்ரோ அவசியம் வேண்டும். ஆனால் கையில் இருந்ததைக் கழித்துக்கட்டிவிட்டு எழுபது வருஷம் கழித்து விலை கொடுக்கிறோம். பாரிஸ்காரர்களும் 1930களில் டிராமை மூடியவர்கள்தான். 1992-ல் புறநகரில் திரும்பக் கொண்டுவந்து, இன்றுவரை தடம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உடனே மேம்பாலக் கட்சிக்காரர்கள் எனக்குக் கடிதம் எழுதுவார்கள், எப்போதும் எழுதுகிறார்கள். டிராமை எடுத்துவிட்டு ரோட்டை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு ஹௌரா பாலத்தையே பதிலாகத் தருகிறேன். 1943 பிப்ரவரியில், ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்ற பயத்தில், விழா எதுவும் இல்லாமல் ராத்திரியில் திறந்த பாலம் அது. முதலில் அதைக் கடந்தது ஒரு டிராம்தான். ஐம்பது வருஷம் அதன் மேல் டிராம் ஓடியது. பாலத்துக்குப் பாரம் கூடிவிட்டது என்று 1993-ல் நிறுத்தினார்கள். டிராம் போய்விட்டது, நெரிசல் குறைந்ததா? நீங்கள்தான் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்களே.

அது போதாதென்று 2024-ல் மேற்கு வங்க அரசு, நகரின் நடுவிலுள்ள மைதான் - எஸ்பிளனேடு தடத்துண்டை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. தண்டவாளங்களைத் தார் ஊற்றி மூடும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் படர்ந்திருந்த தடங்களை இப்போது ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எனக்கு இதில் வருத்தத்தை விடக் கோபம்தான் அதிகம்.

இனி உங்கள் மூச்சுமுட்டலுக்கு வருகிறேன். நீங்கள் இறங்கியது கொல்கத்தாவே அல்ல. ஹௌரா தனி நகரம், தனி மாவட்டம், தனி மாநகராட்சி. கொல்கத்தா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. சென்ட்ரல் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சென்னையை எடைபோடுகிறவர்கள் மேல் நமக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது! அங்கே நீங்கள் பார்த்த தலைகள் புறநகர் ரயிலில் வந்து இறங்கி வேலைக்கு ஓடுகிறவர்களுடையவை. சுமை என்றீர்களே, அதில் பாதி பூவாக இருந்திருக்கும். பாலத்தின் கிழக்கு முனையில், கீழே, மல்லிக் காட் பூச்சந்தை. பாஞ்ச்குரா, கோலாகாட் பக்கத்துச் சாமந்தியும் செண்டுமல்லியும் விடியுமுன் அங்கே வந்துவிடும். சரம் சரமாகத் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு ஓடுகிறவர் உங்கள் மேல் இடித்திருந்தால், அது அவருடைய அன்றைய கூலிக்கான ஓட்டம். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் முறை.

அடுத்த முறை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டாக்சி தேடாதீர்கள். எதிரே படகுத்துறை. சில ரூபாயில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து அக்கரையில் இறங்கலாம், பாலத்தை முழுசாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அவசரமென்றால் 2024-ல் திறந்த மெட்ரோ இருக்கிறது, ஆற்றுக்கு அடியிலேயே முக்கால் நிமிஷத்தில் கொண்டுபோய் விடும். பிறகு எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜார் போகும் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். அது காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளை உரசிக்கொண்டு போகும். ஆமை வேகம்தான். கடைகளில் என்ன புத்தகம் அடுக்கியிருக்கிறது என்று பார்க்க அந்த வேகம் போதும். பிடித்த கடை வந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள். அந்தத் தடம் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.