குழந்தைக்கு எந்த பேஸ்ட் வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஈறு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ படிகிறது. கடையில் ஸ்ட்ராபெர்ரி மணமுள்ள பேஸ்ட்டைக் காட்டி, "இதில் ஃப்ளோரைடு இல்லை, பயப்படாமல் வாங்குங்கள்" என்கிறார்கள். விலைதான் அதிகம். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் வேறு ஃப்ளோரைடு அதிகம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: முதலில் நல்ல வெளிச்சத்தில் மகளை மடியில் படுக்கவைத்து, ஈரமான வெள்ளைத் துணியால் அந்த மஞ்சளைத் துடைத்துப் பாருங்கள். மாவு மாதிரி துணியில் ஒட்டி வந்தால் அது கிருமிப் படலம், பிரஷ்ஷிலேயே போய்விடும். கல்லாக இறுகியிருந்தால் அது காரை. எந்த பேஸ்ட்டுக்கும் அது அசையாது, பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். புதிதாக முளைத்த பல்லில், துடைத்தும் போகாத வெள்ளைக் கோடோ பழுப்புத் திட்டோ தெரிந்தால் தண்ணீரிலுள்ள அதிக ஃப்ளோரைடைச் சந்தேகப்படலாம்.

படலத்தை எடுப்பது பிரஷ்தான். பேஸ்ட்டை நாம் வாங்குவதே முக்கியமாக அதிலுள்ள ஃப்ளோரைடுக்காக. பல் சொத்தையாகாமல் காப்பது அதுதான். அது இல்லாத பேஸ்ட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அட்டையில் ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். பட்டாணி அளவு போதும் (மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு). விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். பழ மணம் என்றால் பிள்ளைகள் விழுங்கிவிடும், துப்ப வையுங்கள். வீட்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (குழாயில் வரும் காவிரித் தண்ணீர்) குடித்தால் கவலை குறைவு. போர்வெல் தண்ணீர் என்றால் முதலில் குடிநீரை மாற்றுங்கள், பேஸ்ட்டை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், ஆறு வயது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்த வயதில் பால்பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்து முளைக்கிற பல்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இது போனால் போனதுதான். பாதி முளைத்த நிலையில் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதைத் தொடாமல் மேலாகவே போய்விடும். பள்ளத்தில் படலம் தங்கிச் சொத்தை விழும். கன்னத்துப் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்கே விட்டு, இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளின் கை அங்கே சரியாகப் போகாது.

மிச்சமாகும் காசில் சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று, நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. மருத்துவரிடம் போகும்போது, அந்தக் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தை அடைக்கும் சீலன்ட் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள்.