நகைக்கடனா, பர்சனல் லோனா? இரண்டும் வேண்டாம்

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை நான். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. தம்பி சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழு மூலம் ஒரு டிரேடிங் ஆப்பில் முதலில் 50,000, பிறகு 2 லட்சம், போன வாரம் எஃப்.டி.யை உடைத்து 4 லட்சம் போட்டேன். ஆரம்பத்தில் 5,000 எடுத்துப் பார்த்தேன், வந்தது. இப்போது 23.5 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், 17 லட்சம் லாபத்துக்கு 20 சதவீத வரி 3.4 லட்சத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். "நகையை வச்சுக் கட்டுக்கா, அப்பதான் என் பணமும் வரும்" என்கிறான் தம்பி. கணவருக்கு இது தெரியாது. நகைக்கடன், பர்சனல் லோன், எதில் வட்டி குறைவு?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வட்டிக் கணக்கே வேண்டாம். ஒரு ரூபாய்கூட இனி கட்டாதீர்கள். அந்த 23.5 லட்சம் எங்கேயும் இல்லை. அது திரையில் அவர்கள் தட்டிய எண். உண்மையில் போனது 6.45 லட்சம்.

வரி என்றதும் நம்பிவிட்டீர்கள். பங்குகளில் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி என்பது நிஜம்தான். ஆனால் அதை நீங்கள்தான் வருமான வரித் துறைக்கு நேரடியாகக் கட்டுவீர்கள். பணத்தை விடுவிக்க முன்கூட்டியே வரி கேட்கும் புரோக்கர் இந்தியாவில் கிடையாது. வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று முறையும் பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது? ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு தனிநபர் என்று வேறு வேறு பெயர்கள் இருக்கும். 'வெளிநாட்டு நிறுவனக் கணக்கு வழியாகச் சலுகை விலையில் பங்கு' என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அந்த வழியே இல்லை என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024-லேயே எச்சரித்திருக்கிறது.

ஆளை நம்பவைத்து ஏமாற்றும் இதை சோஷியல் இன்ஜினியரிங் என்பார்கள். உங்கள் போனை யாரும் உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. திரும்பி வந்த அந்த 5,000தான் தூண்டில். குழுவில் தினமும் "நன்றி சார், இன்று 40,000 லாபம்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டவர்களில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்களாகவே இருப்பார்கள். தம்பி சொன்னதால் நீங்கள் சந்தேகப்படவே இல்லை. பாவம், அவரும் ஏமாந்தவர்தான்.

நான் கவலைப்படுவது போட்ட பணத்தை எடுக்க மேலும் பணம் போடும் பழக்கத்தைப் பற்றி. 3.4 லட்சம் கட்டினால் அடுத்த வாரம் 'கணக்கு முடக்கம் நீக்கக் கட்டணம்' கேட்பார்கள். அப்புறம் இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு, "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், 10 சதவீதம் கொடுங்கள்" என்று புதிதாக ஒருவர் போன் செய்வார். அவரும் அதே கூட்டம்தான்.

தோராயமாக ஒரு கணக்கு. 6.45 லட்சத்தை 36 மாதத்தில் மறுபடி சேர்க்க மாதம் சுமார் 18,000 வேண்டும். சிரமம்தான், ஆனாலும் ஆர்.டி. போட்டு எட்டிவிடலாம். இதோடு 3.4 லட்சமும் போனால் மாதம் 27,000-க்கு மேல் ஆகும். நகைக்கடன் வட்டி 9 சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 2,550 தனி. ஓய்வு பெறும்போது நகையும் அடகில் இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் உரையாடல்களையும் ஆப்பின் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண் (வங்கி தரும் பரிமாற்ற அடையாள எண்), தேதி, தொகை கையில் இருக்கட்டும். இப்படிப் போகும் பணத்தை மணிக்கணக்கில் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்காவது மிச்சம் நின்றிருந்தால் வங்கியால் முடக்க முடியும். போன வாரம் போட்ட 4 லட்சத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், நம்பிக்கை கொஞ்சம்தான். நாளை காலை உங்கள் வங்கிக் கிளையிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். அதன் பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இன்றிரவே கணவரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்தான். ஆனால் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவதாகப் போட்ட அந்த 2 லட்சமே போயிருக்காது. காவல் நிலையத்துக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பணம் அனுப்பிய கணக்கு எண்களையும் அவர் தனிப் புகாராகக் கொடுக்கட்டும்.