காப்புறுதி நிறுவனங்களின் அனுசரணையால் வன்னிக்குப் பயன் உண்டா?

காப்புறுதி நிறுவனங்கள் ஊர்களில் வழங்கும் அனுசரணையால் வன்னி மக்களுக்கு உண்மையான பயன் உண்டா என்று கேட்டுள்ளீர்கள். உண்டு; ஆயினும் வீதிப் பாதுகாப்புக்குச் செலவிடும் பணத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன். இலங்கையில் மூன்றாந்தரப்பு வாகனக் காப்புறுதி, அதாவது ஒருவரின் வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடு தரும் காப்புறுதி, கட்டாயம் என்பதால், விபத்துக் குறையும்போது இழப்பீட்டுக் கோரிக்கையும் குறைந்து, நிறுவனத்தின் நலனும் ஊரின் நலனும் ஒன்றாகின்றன. மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையே ஏ-9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் கிட்ட நெருங்கும்வரை சாரதியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெட்டியின் பின்பலகையிலும் மாட்டின் கழுத்திலும் ஒளிதெறிக்கும் பட்டி இருந்தால், அது முன்விளக்கின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, பிரேக் பிடிக்க அவகாசம் தரும். விளையாட்டுப் போட்டிக்குச் சீருடையும் கேடயமும் கொடுப்பது பிள்ளைகளுக்கு ஊக்கம்தான். ஆனால் அனுசரணை கேட்டுச் செல்லும் கழகங்கள், மாலை வகுப்புக்குச் சைக்கிளில் போகும் மாணவர்களுக்கான விளக்குகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.