பத்து வருடப் பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு இப்போது கையெழுத்துப் போடலாமா?

2015 ஜூனுக்குப் பிறகு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, எதிலும் கையெழுத்திடவில்லை, இப்போது வசூல் முகவர் வந்து "ஐந்நூறு ரூபாய் கட்டி, இந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

என் அப்பா ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார். மூன்று வருடம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்தார். அசலையும் கேட்கவில்லை, வட்டியையும் கேட்கவில்லை. "நூறு ரூபாய் இருந்தால் கொடுங்கள், போதும்" என்றார். நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் "ரூ.100 வரவு" என்று அப்பாவின் கையாலேயே எழுதவைத்து, தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர் என்று அம்மா காபி கொடுத்து அனுப்பினார். அந்த நூறு ரூபாயோடு இன்னும் மூன்று வருடத்தையும் அவர் வாங்கிப் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் கெடு. கெடுவுக்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதைக் கையெழுத்தோடு பதிந்தாலோ, மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். "பாக்கி உண்டு, ஆனால் தர மாட்டேன்" என்று எழுதினால்கூட அது ஒப்புதல்தான். (கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை இந்தக் கெடுக் கணக்கிலிருந்து விலக்கியது. உங்கள் கெடு 2018-லேயே முடிந்திருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.)

கெடு முடிந்தபின் வெறும் ஒப்புதலால் பயனில்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25(3) இருக்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே செல்லத்தக்க புதிய ஒப்பந்தம். முகவர் நீட்டும் கடிதத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்நூறு ரூபாயைவிட அதுதான் அவருக்கு முக்கியம்.

காலாவதி என்பதற்காகக் கடன் ஒழிந்துவிடாது, வழக்குப் போடும் உரிமைதான் போகிறது. அவர் கேட்கலாம், ஆனால் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மனம் ஒப்பிக் கட்டுவதும் உங்கள் உரிமைதான். அப்படியானால் முழுத் தீர்வுக்கான தொகையை வங்கியிடமே எழுத்தில் வாங்கிய பிறகு கட்டுங்கள்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். காலாவதியான வழக்கை, நீங்கள் சொல்லாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு ஏதோ ஒரு கடிதத்தைக் காட்டி, நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிவிட்டால், அதை நிறைவேற்ற 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தின் ஸ்டேட்மெண்டைத் தேடி எடுத்துக்கொண்டு, வாய்தா நாளில் வக்கீலோடு போய் நில்லுங்கள்.