ஒன்பது மணி ரவுண்ட்ஸ்

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. நீட்டுக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்துச் சேர்ந்தவள். இப்போது தினமும் சாயங்காலம் வாலிபால், ஞாயிற்றுக்கிழமை சினிமா. இரவு ஒன்பது மணிக்கு வீடியோ கால் செய்து, புத்தகம் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சில நாள் எடுப்பதே இல்லை. இன்டர்னலில் 62, 58, 65தான். என் அண்ணன் மகனும் மருத்துவம்தான் படிக்கிறான். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறான். நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: ஐயா, கேட்டவர் நீங்கள் என்பதால் புத்தியும் உங்களுக்கே.

முதலில் மார்க். பாஸுக்கு 50. மூன்றிலும் தாண்டி நிற்கிறாள். பிளஸ் டூ கண்ணோடு பார்த்தால் 62 குறைச்சலாகத்தான் தெரியும். எம்.பி.பி.எஸ்.ஸில் அது ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை வாங்கும் மார்க்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பகல் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் வார்டு. கட்டில் ஓரமாக நின்று, "எத்தனை நாளா காய்ச்சல்மா?" என்று விசாரித்து, கேஸ் எழுதி, அதைப் பேராசிரியர் முன்னால் ஒப்பித்துத் திட்டு வாங்க வேண்டும். அப்புறம் பெத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி. ஒரே ஒரு மருந்தென்றாலும் அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று அத்தனையும் நெட்டுரு. தியரியில் 75 சதவீதம், பிராக்டிகலில் 80 சதவீதம் வருகை இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. பகலெல்லாம் நின்ற கால் சாயங்காலம் மைதானத்துக்கு ஓடுகிறது. ஓடட்டுமே! 2019இல் வந்த பாடத்திட்டமே விளையாட்டுக்கும் கலைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறது. சிலபஸைத்தான் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய மணிக்கணக்கு வேறு. இன்னும் மூன்று வருடத்தில் ஹவுஸ் சர்ஜன் என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி, அப்புறம் பி.ஜி. என்ற மேற்படிப்பு. என் தம்பி மகள் பி.ஜி. சேர்ந்த வருடம் பொங்கலுக்கு வந்தாள். 36 மணி நேர டியூட்டி முடித்து நேராக பஸ் ஏறியவள். சாம்பார் சாதத்தைப் பிசைந்த கை இலையிலேயே இருக்க, உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிட்டாள். "யாரும் எழுப்பாதீங்க" என்று பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணிடம் போய், நேரத்தைத் திட்டமிட்டு வாழப் பழகு என்று எந்த வாயால் சொல்வது? இவளைப் போல மேற்படிப்போடு ஆஸ்பத்திரி டியூட்டியும் பார்க்கும் ரெசிடென்ட் டாக்டர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் போதும் என்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது 1992இல். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது 2024இல். 32 வருடத்தில் நல்ல முன்னேற்றம்!

அமெரிக்காவிலும் ஓர் அப்பா இருந்தார். சிட்னி ஸயன், பத்திரிகையாளர். 1984இல் அவருடைய 18 வயது மகள் லிபி காய்ச்சலோடு நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சில மணி நேரத்திலேயே இறந்துபோனாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். அப்பா விடவில்லை. 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது. பயிற்சி டாக்டர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று அவரும்தான் கணக்குக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது அரசாங்கத்திடமும் ஆஸ்பத்திரியிடமும். நீங்கள் மகளிடம் கேட்கிறீர்கள்.

வீடியோ காலை நிறுத்துங்கள். காலையில் வார்டில் ஒரு ரவுண்ட்ஸ் பார்க்கிறாள், ராத்திரி ஒன்பதுக்கு இன்னொன்று எதற்கு? என்றைக்காவது விளையாட்டையும் சினிமாவையும் விட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் அறையிலேயே கிடக்கிறாள் என்று தெரிந்தால், அன்றைக்கு போன்கூடச் செய்ய வேண்டாம். பஸ் ஏறிப் போய் நில்லுங்கள்.

சரி, அந்த அண்ணன் மகன். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறான் என்று உங்களுக்குச் சொன்னது அவன் அப்பாதானே? அவரும் தினம் ஒன்பது மணிக்குத்தான் வீடியோ கால் செய்கிறாரா என்று எதற்கும் விசாரித்துப் பாருங்கள்.